சென்னை ஐ.சி.யூ.வில் இ.இ.ஜி.: ஊருக்கு ஓடி வருபவர்கள் கேட்க வேண்டியவை

கை கால் வெட்டுவது நின்றுவிட்டால் வலிப்பும் நின்றுவிட்டது என்று சென்னையில் பெரும்பாலான குடும்பங்கள் நம்புகின்றன. "ஃபிட்ஸ் நின்னுடுச்சாம், ஆனா அப்பா இன்னும் கண் முழிக்கல" என்று வெளிநாட்டுக்கு வரும் போனில் கவலைப்பட வேண்டியது அந்தப் பின்பாதியைத்தான். டொராண்டோவில் ஐ.சி.யூ. நோயாளிகளுக்கு இ.இ.ஜி. வைப்பது, அதாவது தலையில் லீட் என்ற மின் கம்பிகளை ஒட்டி மூளை அலையைப் பதிவு செய்வது, என் வேலை. இந்த முறை ஊரில் இருந்தபோது இங்குள்ள வசதியைப் பற்றிப் பார்த்ததும் கேட்டதும், அவசரமாக டிக்கெட் போட்டு வந்து இறங்குபவர்களுக்கு உதவும்.

வெளியே எந்த அசைவும் இல்லாமல் மூளைக்குள் மட்டும் வலிப்பு ஓடலாம். நியூயார்க்கில் 570 நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்து 2004-இல் வெளியான ஆய்வில் 110 பேருக்கு வலிப்பு இருந்தது. அவர்களில் 92 சதவீதம் பேருக்கு அது இ.இ.ஜி.யில் மட்டுமே தெரிந்தது. வெட்டு அடங்கி அரை மணி, ஒரு மணி நேரம் ஆகியும் ஆள் தெளியவில்லை என்றால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "டாக்டர், இ.இ.ஜி. எடுத்தாச்சா? எத்தனை மணி நேரம் எடுத்தீங்க?" மயக்கத்துக்குத் தூக்க மருந்து, சர்க்கரை, சோடியம், தொற்று என்று வேறு காரணங்களும் இருக்கும். அவற்றில் பலவற்றை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுவார்கள். வலிப்பு இருக்கிறதா என்பதை மூளை அலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கருவிக்குச் சென்னையில் பஞ்சமில்லை. பெரிய தனியார் மருத்துவமனைகளில் வீடியோ இ.இ.ஜி. இருக்கிறது. சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ஜி.எச்.சில் 1950-இல் பி. ராமமூர்த்தி தொடங்கிய நரம்பு அறுவை சிகிச்சைத் துறை இன்றும் நகரத்தின் பெருமைகளில் ஒன்று. இடிக்கிற இடம் நேரம்தான். பல இடங்களில் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து 20, 30 நிமிடம் பதிவு செய்து, "வலிப்பு அலை இல்லை" என்று ரிப்போர்ட் தருகிறார்கள். அந்த அரை மணியில் வலிப்பு இல்லை என்பதற்கு மேல் அதில் எதையும் படிக்கக் கூடாது. மேலே சொன்ன ஆய்வில், கோமாவில் இல்லாதவர்களில் 95 சதவீதம் பேருக்கு முதல் வலிப்பு 24 மணி நேரத்துக்குள் பிடிபட்டது. கோமாவில் இருந்தவர்களில் அது 80 சதவீதம்தான். ஆகவே கோமாவில் இல்லாதவருக்கு ஒரு நாள், கோமாவில் இருப்பவருக்கு இரண்டு நாள் என்பது நியாயமான கணக்கு.

எல்லாருக்கும் அவ்வளவு நேரம் தேவைப்படாது. முதல் ஒரு மணி நேரப் பதிவைப் பார்த்து மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. பூஜ்யம் வந்தால் அதோடு நிறுத்தலாம், 1 வந்தால் 12 மணி நேரம், 2 அல்லது அதற்கு மேல் வந்தால் குறைந்தது 24 மணி நேரம். சுவிட்சர்லாந்தில் 2020-இல் வெளியான ஒப்பீட்டில், தொடர் கண்காணிப்பு வலிப்பை அதிகமாகக் கண்டுபிடித்தாலும் ஆறு மாத இறப்பு விகிதம் குறையவில்லை. ஒப்பிட்டது 48 மணி நேரத்துக்குள் எடுத்த இரண்டு 20 நிமிடப் பதிவுகளோடு. தொடர் வசதி இல்லாத மருத்துவமனையில் "நாளைக்கு இன்னொரு தடவை எடுப்பீங்களா?" என்று கேட்பதற்கு அதுவே ஆதாரம். ஆனால் அண்மையில் வலிப்பு வந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. வலிப்போடு வந்து மயக்கத்தில் இருப்பவருக்கு அதைக் காட்டிச் சமாதானம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பதிவின் தரத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள். முதல் எதிரி தலையில் தேய்த்த எண்ணெய். லீட் ஒட்டும் இடத்தில் தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து பேஸ்ட் வைத்தால் தோலுக்கும் லீடுக்கும் இடையிலான மின்தடை 5 கிலோ ஓமுக்குள் வரும்; அது குறைந்தால்தான் அலை தெளிவாக இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அவ்வளவு குறையாது. முடிந்தால் நர்ஸிடம் சொல்லி முன்கூட்டியே தலையைத் துடைக்கச் சொல்லுங்கள். பூ, ஹேர்பின், இறுக்கிய பின்னல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இ.இ.ஜி.க்காக மொட்டை அடிக்க வேண்டியதே இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

ஏ.சி. காற்றில் பேஸ்ட் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். நீண்ட பதிவு என்றால் கொலோடியன் என்ற பசையில் நனைத்த துணியால் ஒட்டுவார்கள், அல்லது டெக்னீஷியன் அவ்வப்போது வந்து பேஸ்ட் நிரப்ப வேண்டும். ராத்திரி அந்த ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. லீடின் நுனியில் உள்ள கப்புக்கு அடியில், குறிப்பாக நெற்றியில், தோல் புண்ணாகும்; தினமும் பார்க்கச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. திட்டம் இருந்தால் அதை முடித்த பிறகு லீட் வைப்பது நல்லது. சாதாரண உலோகக் கப்போடு உள்ளே விடமாட்டார்கள், கழற்றி மறுபடி வைத்தால் அரை நாள் போய்விடும்.

அடுத்தது மின்சார இரைச்சல். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் 60. அந்த இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் இங்கே 50-இல் இருக்க வேண்டும். ஆனால் ஃபில்டரைப் போட்டு மூடுவதைவிட, சரியாக எர்த் இல்லாத பிளக்கையும் கட்டில் மோட்டாரையும் கண்டுபிடிப்பதே சரியான வேலை. வென்டிலேட்டர் குழாயில் தேங்கிய தண்ணீர் குலுங்கினாலும், பிசியோ செய்பவர் முதுகைத் தட்டினாலும் திரையில் அச்சு அசலாக வலிப்பு மாதிரியே அலை வரும். வீடியோவோ சிஸ்டர் எழுதிய நேரக் குறிப்போ இல்லாமல் அதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். வெட்டு போலத் தெரிந்தால் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் அனுமதித்தால் போனில் வீடியோ எடுங்கள்.

இந்தப் பயணத்தில் என்னை மிகவும் உறுத்தியது வேறு. பதிவு இரவெல்லாம் ஓடுகிறது, ஆனால் அலையைப் படிக்கத் தெரிந்தவர் காலையில்தான் திறந்து பார்க்கிறார். ராத்திரி 11 மணிக்குத் தொடங்கிய வலிப்பு காலை 9 மணிக்குத் தெரிந்தால், தொடர் கண்காணிப்பு என்ற பெயரில் கட்டிய பணத்துக்கு என்ன பயன்? 10 நிமிடம் விடாமல் ஓடினாலோ, ஒரு மணி நேரத்தில் மொத்தம் 12 நிமிடம் சேர்ந்தாலோ அது ஸ்டேட்டஸ், அதாவது அவசர நிலை. "எத்தனை மணிக்கு ஒரு தடவை பார்ப்பீங்க? ராத்திரி யார் பார்ப்பாங்க?" என்று லீட் வைக்கும்போதே கேளுங்கள். வீட்டிலிருந்தே பார்க்கும் நரம்பியல் மருத்துவர் இருந்தால் மிக நல்லது.

மருந்துப் பக்கம் குடும்பத்தால் செய்ய முடிந்த பெரிய உதவி, நோயாளியின் எடையைச் சொல்வது. படுத்திருப்பவரை நிறுக்க முடியாமல் குத்துமதிப்பாகப் போடுகிறார்கள். 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்தின் முதல் டோஸ் கிலோவுக்கு 60 மில்லிகிராம், உச்சவரம்பு 4,500. 60 கிலோ ஆளுக்கு 3,600 வருகிறது. "ஒரு கிராம் போட்டாச்சு" என்று கேட்டால், சிறுநீரகமோ வேறு காரணமோ உண்டா என்று பணிவாகக் கேட்கலாம். கனடாவில் கெப்ரா என்று வாங்கும் லெவெடிரசெட்டம் இங்கே லெவிபில், ஃபெனிட்டாயின் என்ற இன்னொரு வலிப்பு மருந்து இங்கே எப்டாயின். பழைய மருந்துச் சீட்டு ஒப்பிடும்போது குழம்பாதீர்கள்.

இன்னும் இரண்டு மருந்துகளைக் கவனியுங்கள். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து போகும்போது தொற்றுக்கு மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கினால், ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவு ஓரிரு நாளில் சரிந்துவிடும்; டோஸைக் கூட்டியும் ஈடுகட்ட முடியாது, வேறு மருந்து சேர்க்க வேண்டும். கிரியேட்டினின் ஏறியவருக்கு, அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு, செஃபிபிம் என்ற ஆன்டிபயாடிக்கை டோஸ் குறைக்காமல் போட்டால், அதுவே மயக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும். வார்டு மாறும்போது இவை கண்ணில் படாமல் போகின்றன.

டிஸ்சார்ஜ் நாளில் ஒரு பக்க ரிப்போர்ட்டோடு திரும்பிவிடாதீர்கள். பதிவின் மூலக் கோப்பை ஈ.டி.எஃப். வடிவில் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். எந்த ஊர் நரம்பியல் மருத்துவரும் அதைத் திறந்து படிக்கலாம். அச்சிட்ட நாலு அலையை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. சில நாட்களுக்குள் கேளுங்கள், இடம் போதாமல் அழித்துவிடுவார்கள். கடைசியாக மருந்து கொடுத்த நேரமும் அளவும் சம்மரியில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.