தேவாலயப் பக்கவாசல்: பேனிக் பாரா, காந்தப் பூட்டா?

இரண்டுமே வெளியாளைத் தடுக்கும். உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியேறுவார்கள் என்பதில்தான் வேறுபாடு.

பேனிக் பாரில், இடுப்பளவில் குறுக்கே உள்ள கம்பியை உடம்பால் தள்ளினாலே தாழ் விலகும். மின்சாரம் தேவையில்லை, புகையில் கைப்பிடியைத் துழாவவும் வேண்டாம். வெளிப்புறம் சாவித்துளை மட்டும் போதும். பலவீனம் இரட்டைக் கதவில்: நடு இடைவெளியில் வளைத்த கம்பியை விட்டு பாரை இழுத்துவிடலாம். இடைவெளியை மறைக்க இரும்புப் பட்டை போடுங்கள், ஆனால் ஒரு கதவு மற்றதைத் தடுக்கக்கூடாது. ஆராதனைக்காகப் பாரை அழுத்திய நிலையில் நிறுத்திவைத்து, பிறகு விடுவிக்க மறந்தால் இரவெல்லாம் கதவு பூட்டாமலே கிடக்கும். திருடனுக்குப் பயந்து சங்கிலி சுற்றி, ஆராதனை நேரத்தில் கழற்ற மறப்பது அதைவிட மோசம்.

காந்தப் பூட்டு என்பது மின்காந்தம்; கதவைச் சுமார் 270 அல்லது 540 கிலோ விசையில் பிடிக்கும். மின்சாரம் போனால் திறந்துவிடும். தீயில் அது வரம், நள்ளிரவு மின்தடையில் தலைவலி. பேட்டரி வைத்தால், தீ எச்சரிக்கை ஒலிக்கும்போது அதன் இணைப்பும் துண்டிக்கப்பட வேண்டும். வெளியேறும் பொத்தான் பூட்டின் மின்னோட்டத்தை நேரடியாக முறிக்கட்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியை நம்பினால், பெட்டி பழுதானதும் பொத்தான் வெறும் அலங்காரம்.

கூட்டம் கூடும் அரங்குக்குப் பேனிக் பார்தான். காந்தப் பூட்டை அலுவலக அறையோடு நிறுத்திக்கொள்ளலாம்.