காசு பார்க்கும் சாமான்கள்: நீண்டநாள் பாவனைக்குப் பிறகு

கிளிநொச்சியில் இருந்துகொண்டு உலகக் காசு சேர்க்க வெளிநாடு போகத் தேவையில்லை. சுவிஸ், நோர்வே, கனடா, சவூதி என்று எங்காவது ஒரு ஆள் இல்லாத வீடு இங்கே குறைவு, லீவுக்கு வருகிறவர்களின் பொக்கற்றில் மிஞ்சும் சில்லறை கடைசியில் பிள்ளைகளின் உண்டியலுக்குத்தான் போகிறது. தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பிய குடும்பங்களிடம் இந்தியக் காசும் இருக்கும். அது எந்த நாட்டுக் காசு, அதில் தெரிவது காசுச் சாலையிலேயே நேர்ந்த உண்மையான அச்சுப் பிழைதானா என்று பார்ப்பதில்தான் வேலை. அதற்கு நான் வருடக்கணக்காகப் பாவிக்கும் சாமான்களைப் பற்றிச் சொல்கிறேன்.

நுமிஸ்டா இணையப் பட்டியல் இலவசம், இன்றுவரை குறை சொல்ல மனம் வரவில்லை. நாடு தெரியாவிட்டாலும் விட்டம், நிறை, மதிப்பு என்று தெரிந்ததைக் கொடுத்துத் தேடலாம். ஆண்டுக் கணக்கை மட்டும் பழகிக்கொள்ளுங்கள்: ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டு 1400 என்றால் ஏறக்குறைய 1980, தாய்லாந்துக் காசில் 2543 என்று இருந்தால் 543ஐக் கழிக்க 2000.

படம் எடுத்தால் பெயர் சொல்லும் ஆப் ஒன்றுக்குச் சந்தாவும் கட்டிப் பார்த்தேன். நாட்டைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும், வருடத்தில் தடுமாறும், விலை சொல்லும்போதுதான் கூத்து, தேய்ந்துபோன ஐந்து ரூபாவுக்கும் டொலரில் பெரிய விலை காட்டும். அச்சுப் பிழை பார்ப்பதில் அது சுத்த மோசம். சந்தாவை நிறுத்தியாச்சு.

உழைத்தது தராசுதான். நகைக்கடையில் பார்ப்பீர்களே, 0.01 கிராம் வரை காட்டும் சின்ன பற்றரித் தராசு. ஃபேனை நிறுத்தாமல் நிறை பார்த்தால் இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும், எங்கள் வெயிலில் அது ஒரு தண்டனை. ஓரத்தில் பிறை வடிவில் வெட்டுப்பட்ட காசு வந்தால் முதலில் நிறை குறைகிறதா என்று பார்ப்பேன். ஆனால் அரத்தால் ராவி எடுத்தாலும் நிறை குறையும்தானே, அதனால் வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பையும் பார்க்க வேண்டும். தகட்டில் இருந்து வட்டம் வெட்டும்போது முன்பு வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டு விழுந்தால்தான் இந்தப் பிறை வரும். அதன் பிறகுதான் வட்டத்தை உருட்டி நெருக்கி விளிம்பை எழுப்புவார்கள், ஒருபக்கம் வெறுமையாக இருந்தால் எதிர்ப்பக்கம் நெருக்குதல் கிடைக்காமல் விளிம்பு மெலிந்து மங்கிப்போகும். அப்படி மங்காமல் முழுசாக நின்றால் யாரோ அரத்தால் ராவியது என்றே நினைப்பேன்.

காந்தம் பழுதான ஸ்பீக்கரில் கழற்றியது, செலவே இல்லை. நம்முடைய பழைய ஐந்து ரூபா அதில் ஒட்டாது, 2005க்குப் பிறகு வந்த, பித்தளை பூசிய இரும்புக் காசு ஒட்டும்.

லென்ஸ் பத்து மடங்கு போதும். சுவிஸ் ஒரு பிராங்கில் பெண்ணைச் சுற்றி இருக்கும் நட்சத்திரங்களை எண்ணிப் பாருங்கள், 1983இல் இருந்து 23, அதற்கு முன் 22. ஜூரா தனி மாநிலமானதால் ஒன்று கூடியது, பிழை இல்லை. எழுத்து இரட்டையாகத் தெரிந்தாலும் அவசரப்பட வேண்டாம். பக்கத்தில் தட்டையாக, படிபோல் ஒரு விளிம்பு தெரிந்து எழுத்தும் மெலிந்திருந்தால் அடிக்கும்போது, காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சு அசைந்தது, அதற்குப் பெரிய மதிப்பில்லை. இரண்டு உருவமும் உருண்டு திரண்டு, எழுத்தின் மூலையில் பிளவு தெரிந்தால் அச்சிலேயே இரட்டித்தது, அதைத்தான் தேடுகிறோம். அமெரிக்கக் காசை இடம் வலமாகத் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக நிற்கும், அதையும் பிழை என்று கொண்டுவருகிறார்கள். அந்த நாட்டு வழக்கமே அதுதான்.

வன்னியில் இன்னொரு சோலி இருக்கிறது. எரிந்த வீடுகளில் இருந்து எடுத்த காசுகள் கறுத்து, கொப்பளித்து, சிலது ஒன்றோடொன்று ஒட்டியபடி வரும். ரயில் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு தண்டவாளத்தில் வைத்து நசுக்கியவையும் வருகின்றன. இரண்டும் காசுச் சாலைக்கு வெளியே நடந்தவை, பிழைக் காசுக் கணக்கில் வராது. எரிந்ததை மட்டும் நான் விலை பேசுவதில்லை, கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இப்போது 2013ஆம் ஆண்டிட்ட 25 மாவட்டப் பத்து ரூபாக்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். முல்லைத்தீவு இரண்டு இருக்கிறது, மன்னார் இல்லை, மாற்ற விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.