சூயஸ் கால்வாயா, நன்னம்பிக்கை முனையா?

யேமனின் ஹூதி படையினர் 2023 நவம்பரில் செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதிலிருந்து, ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே சரக்கு அனுப்புவோர் செங்கடல் வழியாகச் செல்லும் சூயஸ் கால்வாய், ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லும் நன்னம்பிக்கை முனை ஆகிய இரண்டில் எந்த வழியைத் தேர்வது என்று தடுமாறி வருகின்றனர்.

தூரம்
சூயஸ்: சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாமுக்கு ஏறக்குறைய 8,400 கடல் மைல்.
முனை: ஏறக்குறைய 11,800 கடல் மைல், பயணம் பத்து நாள் அளவுக்கு நீளும்.

செலவு
சூயஸ்: எரிபொருள் மிச்சமாகும், ஆனால் கால்வாய்க் கட்டணமும், பதற்றக் காலத்தில் பன்மடங்காகும் போர் அபாயக் காப்பீடும் சேரும்.
முனை: கட்டணம் இல்லை, எரிபொருளும் ஊதியமும் கூடும், சரக்கில் போட்ட முதலும் கூடுதல் நாள்கள் கடலிலேயே முடங்கும்.

பாதுகாப்பு
சூயஸ்: 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீள எவர் கிவன் கப்பல் குறுக்கே சிக்கியபோது, ஆறு நாள்கள் கால்வாயே அடைபட்டது. 2023 நவம்பரில் செங்கடலில் ஹூதிகள் கைப்பற்றிய கேலக்ஸி லீடர் கப்பலின் 25 பணியாளர்கள் 2025 ஜனவரி வரை, ஓராண்டுக்கும் மேலாகச் சிறைப்பட்டிருந்தனர். காப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும்போது இந்த மனிதர்களையும் நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.
முனை: ஏவுகணை அச்சம் குறைவு; ஆப்பிரிக்காவின் தென்கோடிக் கடலின் பேரலைகளில் கொள்கலன்கள் கவிழ்ந்து கடலில் விழுவதுண்டு.

ஆகவே, பருவகால ஆடைகள், விரைவில் கெடும் பொருள்கள் போன்றவற்றுக்குச் செங்கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் சூயஸே ஏற்றது. இருப்பு வைத்து விற்கக்கூடிய இயந்திரங்கள், மூலப்பொருள்கள் ஆகியவற்றுக்கு முனை வழியே நல்லது. தாக்குதல் நீடிக்கும் காலத்திலோ, எந்தச் சரக்காக இருந்தாலும் நான் முனை வழியையே பரிந்துரைப்பேன்.