குறளா, ஹைக்கூவா? குழுவா, டைம்லைனா? குறுங்கவிதை எழுதுகிறவர்களுக்கு ஓர் அலசல்

என் அக்கா மகள் பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது போனை நீட்டி, "மாமா, மூணு வரி எழுதி வச்சிருக்கேன். இன்ஸ்டாவுல போடவா, உங்க வாட்ஸ்அப் குழுவுல போடவா?" என்று கேட்டாள். "ரெண்டுலயும் போடேன்" என்று சொல்லிவிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான் அது சரியான பதில் இல்லை என்று தோன்றியது. எந்த வடிவத்தில் எழுதுகிறோம் என்பதும் எங்கே போடுகிறோம் என்பதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற சங்கதி, ஒன்றை விட்டு இன்னொன்றை மட்டும் சொல்ல முடியாது. அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஹைக்கூ என்கிற ஜப்பானிய மூன்று வரிக் கவிதை, ஏனென்றால் அவள் எழுதியிருந்தது அதுதான். தமிழுக்கு இதன் வாசனை வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, எட்டயபுரத்துக்காரர் பாரதி 1916-இல் சுதேசமித்திரன் பத்திரிகையில் ஜப்பானியக் கவிதை பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஜப்பானிய மொழியில் 5, 7, 5 என்று 17 ஒலி. அந்த ஒலிக்கணக்கு நம் எழுத்தும் இல்லை, அசையும் இல்லை. டோக்கியோ என்ற ஊர்ப்பெயரே அவர்கள் கணக்கில் 'தோ-உ-கியோ-உ' என்று நான்கு ஒலி. அதனால் தமிழில் விரல் விட்டு எண்ணிக்கொண்டு உட்காருவது வீண் வேலை என்பது என் கருத்து. எண்ணிக்கையை விட்டுவிடலாம், ஆனால் மற்ற இரண்டை விடக்கூடாது. ஒன்று பருவச்சொல், அதாவது எந்தக் காலம் என்று காட்டிவிடுகிற சொல், இன்னொன்று நடுவில் விழும் வெட்டு. இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, இடையில் இருப்பதைச் சொல்லாமல் விலகிக்கொள்வது அந்த வெட்டு.

பருவச்சொல்லுக்கு நாம் எங்கேயும் போக வேண்டாம். நெல்லைச் சீமையில் இருக்கிறவனுக்கு வருடமே பருவச்சொல்தான். சாரல் என்று ஒரு சொல் போட்டால் ஆனியும் ஆடியும் குற்றாலமும் தென்காசிக் காற்றும் சேர்ந்து வந்துவிடும். நெல்லில் கார் என்றால் ஒரு நடவு, பிசானம் என்றால் இன்னொரு நடவு. பதநீர், நுங்கு, ஆனித் தேரோட்டம், கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து என்று ஒவ்வொன்றும் ஒரு மாதத்தைத் தூக்கிக்கொண்டு வரும். இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு செர்ரிப் பூவைப் பற்றி எழுதுகிற தம்பிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அடுத்தது குறள் வெண்பா. முதலடி நான்கு சீர், இரண்டாமடி மூன்று சீர், ஆக ஏழு. மா, விளம், காய் என்பவை சீர் வகைகள், நேர், நிரை என்பவை சீருக்குள் இருக்கிற அசை வகைகள். மாவுக்குப் பின் நிரை வர வேண்டும், விளத்துக்குப் பின்னும் காய்க்குப் பின்னும் நேர் வர வேண்டும், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு சொற்களில் ஒன்றின் ஓசையில் முடிய வேண்டும். கேட்கும்போது கணக்குப் பாடம் மாதிரி இருக்கும். ஆனால் நூறு குறளைச் சத்தமாகப் படித்தவனுக்குக் காது தானாகச் சொல்லிவிடும், தப்பு வந்த இடத்தில் வண்டி பள்ளத்தில் இறங்கின மாதிரி ஒரு குலுக்கல் தெரியும்.

மூன்றாவது, நாலு வரிப் புதுக்கவிதைத் துணுக்கு. வடிவம் என்று எதுவும் கட்டாயம் இல்லை, கடைசி வரியில் ஒரு திருப்பம் இருந்தால் போதும். சீக்கிரம் எழுதலாம், சீக்கிரம் படிக்கலாம், சீக்கிரம் மறந்தும் போகும். நல்லதாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், நூற்றில் இரண்டு.

இந்த மூன்றையும் பத்து வருடமாக எழுதிப் பார்த்ததில் நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. வெண்பாவுக்கு இலக்கணமே காவல். தனியாக உட்கார்ந்து எழுதினாலும் தளை, அதாவது சீருக்கும் சீருக்கும் நடுவில் உள்ள கட்டு, தட்டினால் நானே கண்டுபிடிக்கலாம், இல்லையென்றால் இலக்கணம் தெரிந்த யாரிடமாவது காட்டி ஒரே நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். ஹைக்கூவுக்கு அந்தக் காவல் கிடையாது. தப்பு எங்கே என்று எழுதினவனுக்குத் தெரியவே தெரியாது, அடுத்தவர் கண்தான் அதற்குக் காவல். தனியாக எழுதி அப்படியே போட்டுவிடலாம் என்று தோன்றுகிற வடிவம்தான் உண்மையில் நாலு பேர் துணை அதிகம் தேவைப்படுகிற வடிவம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், வெண்பாவைக் குழுவில் காட்டித் திருத்துகிறார்கள், ஹைக்கூவை நேராக ஊருக்கே போட்டுவிடுகிறார்கள்.

என் ஹைக்கூ ஒன்றையே சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி ஊரெல்லாம் தண்ணீர் ஆனது நினைவிருக்கும். வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றங்கரையில் இருக்கிற குறுக்குத்துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இப்படி எழுதினேன்:

வெள்ளம் வடிந்தது
குறுக்குத்துறை மண்டபத்தில்
சோகமாய் ஒரு செருப்பு

டைம்லைனில் போட்டேன். நிறைய விருப்பக்குறி வந்தது, அழுகிற முகங்கள் வந்தன, 'அருமை', 'அருமை' என்று வரிசையாக வந்தது. எனக்கும் நன்றாக வந்துவிட்டதாகத்தான் தோன்றியது. இரண்டு நாள் கழித்து எங்கள் வாட்ஸ்அப் கவிதைக் குழுவில் போட்டேன். நாங்கள் மொத்தம் 38 பேர், அம்பை என்கிற அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, தென்காசி, நெல்லை டவுன் என்று இருக்கிறவர்கள் பாதி, சென்னையிலும் ஷார்ஜாவிலும் இருக்கிற நம்மூர்க்காரர்கள் மீதி. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், எல்லாரும் அவரைச் சார்வாள் என்றுதான் கூப்பிடுவோம். நான் போட்ட பத்தாவது நிமிடம் அம்பையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒரு வரி எழுதினார்: "தம்பி, சோகமாய் எதுக்கு? செருப்புக்கு அது தெரியுமா?" அதற்குக் கீழே சார்வாள்: "'ஒரு'வுக்குப் பதிலா 'ஒற்றை' போட்டுப் பாரும் வே. இன்னொண்ணு எங்கேன்னு படிக்கிறவன் தேடட்டும்."

வெள்ளம் வடிந்தது
குறுக்குத்துறை மண்டபப் படியில்
ஒற்றைச் செருப்பு

'படி' நானாகச் சேர்த்தது. சோகம் என்ற சொல்லை எடுத்த பிறகுதான் அந்தக் கவிதைக்குள் சோகம் வந்தது. இருநூறு விருப்பக்குறி செய்யாத வேலையை இரண்டு பேர் பத்து நிமிடத்தில் செய்துவிட்டார்கள். விருப்பக்குறி போட்டவர்கள்மேல் குறை ஒன்றும் இல்லை, போகிற போக்கில் கை தட்டிவிட்டுப் போவதற்குத்தான் அந்த இடம் இருக்கிறது.

சரி, இடங்களுக்கு வருவோம்.

எக்ஸ் தளம் ட்விட்டராக இருந்த காலத்தில் ஒரு பதிவுக்கு 140 குறிகள்தான், 2017 நவம்பரில் 280 ஆனது. தமிழில் கொஞ்சம் கவனிக்க வேண்டும், கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் விழும். 'நெல்லை' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, அந்தக் கணக்கில் ஆறு. 'தாமிரபரணி' ஆறு எழுத்து, கணக்கில் ஒன்பது. ஆனாலும் ஒரு குறள் வெண்பா எழுபது எண்பதுக்குள் அடங்கிவிடும், நாலடி வெண்பாவுக்கும் 280 தாராளம். அங்கே இருக்கிற பெரிய நன்மை, மறுபகிர்வு செய்தால் எழுதினவன் பெயரும் கூடவே போகும். முகம் தெரியாத, நன்றாக எழுதுகிற ஆட்களைத் தேடிப் பிடிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கெடுதல், அங்கே வேகம் அதிகம், சண்டைக்கு நடுவில் கவிதை நிற்க வேண்டியிருக்கும். ஹைக்கூவுக்குத் தேவையான அமைதி அங்கே கிடையாது, சொல் விளையாட்டும் சிலேடையும் நன்றாக ஓடும்.

இன்ஸ்டாகிராமில் கவிதையை அட்டையாக்கிப் போட வேண்டும். பின்னணிப் படம், எழுத்துரு, நிறம் என்று அரை மணி நேரம் போய்விடும், அந்த அரை மணியில் ஒரு சொல்லைத் திருத்தியிருக்கலாம். அதைவிட முக்கியமான விஷயம், படத்துக்குள் இருக்கிற எழுத்தைத் தேடி எடுப்பது கஷ்டம், பார்வையற்றவர்களுக்குப் படித்துக்காட்டும் செயலியும் அதில் தடுமாறும். அட்டை போட்டாலும் கீழே விளக்கத்தில் கவிதையை எழுத்தாகவும் தட்டிவிடுங்கள், அது நம்மால் முடிந்த மரியாதை. ஸ்டோரியில் போட்டால் 24 மணி நேரத்தில் போய்விடும். ஒன்று சொல்ல வேண்டும், என் அக்கா மகள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள். அவள் தோழிகள் படிக்க வேண்டும் என்றால் அங்கே போடுவதைத் தவிர வேறு வழி இல்லை, புதுக்கவிதைத் துணுக்குக்கு அது ஏற்ற இடமும்கூட.

ஃபேஸ்புக் வயதானவர்கள் இடம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இருக்கட்டும். போன வருடம் இதே நாளில் எழுதியதை அது எடுத்துக் காட்டும் பாருங்கள், அது எனக்குப் பெரிய உதவி. ஒரு வருடம் கழித்துப் படிக்கும்போது எந்தச் சொல் வெளுத்துப்போயிருக்கிறது என்று பளிச்சென்று தெரியும், எப்போது வேண்டுமானாலும் திருத்தவும் செய்யலாம்.

வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம். சேர்க்காதீர்கள். ஐம்பதைத் தாண்டினால் பேச்சு போய்ப் பிரசாரம் ஆகிவிடும், காலை வணக்கப் படங்கள் வந்து நிரம்பிவிடும். முன்பு நான் இருந்த ஒரு பெரிய குழுவில் தினமும் முந்நூறு செய்தி வரும், அதில் கவிதையைத் தேடி எடுப்பதற்குள் வெறுத்துப்போகும். பெயர் போவது இன்னொரு தொல்லை. நான் எழுதிய நாலு வரி ஆறு மாதம் கழித்துச் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக எனக்கே வந்தது, கீழே யாருடைய பெயரும் இல்லை, ஒரு சொல் மாறியும் இருந்தது. அன்றைக்கு மனசு கஷ்டப்பட்டது உண்மை. அதிலிருந்து கவிதைக்குக் கீழே அல்ல, கடைசி வரியோடு சேர்த்தே பெயரைப் போட்டுவிடுகிறேன்.

இத்தனை இருந்தும் என் ஓட்டு சின்னக் குழுவுக்குத்தான். எங்கள் குழுவில் ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு கவிதைதான், 'அருமை' என்று மட்டும் எழுதக்கூடாது, எந்தச் சொல் பிடித்தது, எந்தச் சொல் இடித்தது என்று சொல்ல வேண்டும். செய்தியைத் திருத்த 15 நிமிடம் அவகாசம் உண்டு, ஆனால் நாங்கள் பழையதைத் திருத்துவதில்லை, புது வடிவத்தை அதற்குக் கீழேயே தனியாகப் போடுவோம், முதல் வடிவமும் கண்ணில் இருந்தால்தானே மற்றவர்களும் கற்றுக்கொள்ள முடியும். வெண்பா என்றால் குரல்பதிவும் சேர்த்து அனுப்ப வேண்டும். வெண்பாவுக்கே உரிய செப்பலோசை காதில் விழ வேண்டிய ஒன்று, திரையில் தெரியாது.

இதெல்லாம் நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) திருநெல்வேலியில் தம் வீட்டில் நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஒரு பாட்டை எடுத்தால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, அது உள்ளே இறங்குகிற வரைக்கும் விடாமல் அனுபவித்தார்கள். வட்டத்தொட்டி என்று அதற்குப் பெயர். ஊரில் பிறந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹைக்கூவின் பிறப்பும் கூட்டத்தில்தான், பலர் சேர்ந்து ஒருவர் வரியை இன்னொருவர் பிடித்துத் தொடரும் ரெங்கா என்ற தொடர்கவிதையின் முதல் கண்ணிதான் பிற்காலத்தில் தனியாகப் பிரிந்து ஹைக்கூ ஆனது. நம்மிடம் அந்தாதி இருக்கிறது. முன்னவர் முடித்த சொல்லில் பின்னவர் தொடங்க வேண்டும், குழுவுக்கென்றே செய்து வைத்த மாதிரி.

போன மாதம் அந்தாதி விளையாடினோம். நான் எழுதிய முதல் அடி, 'ஊர்விட்டுப் போன ஒருவனின் கனவிலும்'. சார்வாள் குரல்பதிவில் அதை வாய்விட்டுப் படித்து நிறுத்தினார். "ஒருவனின், கருவிளம். அதுக்குப் பின்னால நேர் வரணும், கனவிலும் நிரையிலல்லா நிக்கி? அந்த 'இன்'னை எடும் வே, எல்லாம் சரியாப் போகும்." எடுத்தேன்.

ஊர்விட்டுப் போன ஒருவன் கனவிலும்
நீர்விட்டுப் போகா நதி

இப்படித் திருத்தம் வாங்கிய பிறகுதான் அக்கா மகளுக்குப் போன் பண்ணி, முதலில் குழுவில் போடு, நாலு பேர் சொன்னதைக் கேட்டுத் திருத்து, ஒரு வாரம் கழித்து உன் இன்ஸ்டாவில் போட்டுக்கொள் என்று சொன்னேன். குழுவிலும் சேர்த்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றும் எழுதாமல் படித்துக்கொண்டே இருந்தாள். அவர்கள் வீடு மீனாட்சிபுரத்தில், ராத்திரி ரயில் போகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். நடுவில் மூன்று தடவை சார்வாளுக்குத் தனியாக அனுப்பித் திருத்தம் வாங்கியிருக்கிறாள், எனக்குச் சொல்லவே இல்லை. ஒரு நாள் காலையில் ஐந்தரைக்கு என் குறளுக்குக் கீழே இது வந்து கிடந்தது, குரல்பதிவோடு:

நதிப்பாலம் தாண்டும் நடுநிசி வண்டி
எதிரொலி கேட்டேன் எழுந்து

அம்பை அண்ணாச்சி "பிள்ளை ஜெயிச்சிட்டு" என்று எழுதினார். சார்வாள் நதி, எதி என்று எதுகை நிற்கிற அழகைச் சொன்னார். ஷார்ஜாவில் இருக்கிற ஒருவர், நெல்லையில் இருந்தபோது அந்தச் சத்தத்தில்தான் தினமும் தூங்கினேன் என்று எழுதினார். அடுத்த குறள் 'எழுந்து' என்று தொடங்க வேண்டும். இரண்டு நாளாக யாரும் எடுக்கவில்லை, இன்று இரவு நான் எடுக்கப் போகிறேன்.