ஏலகிரியா, கோட்டையா, கயிறா, கரண்டியா?

முதலாண்டுப் பிள்ளைகள் சேர்ந்து சில வாரம் ஆனதும் எங்கள் கல்லூரித் துறையில், இவர்களை ஒருவரோடு ஒருவர் பழகவைக்க எங்கே கூட்டிப்போவது, என்ன ஆடவைப்பது என்ற பேச்சு கிளம்பிவிடும். வகுப்பில் ஐம்பது, அறுபது பேர். குடியாத்தம் பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு பக்கம், அரக்கோணம் பக்கமிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்குகிறவர்கள் ஒரு பக்கம், ஹாஸ்டல்காரர்கள் தனித் தீவு. இவர்களைக் கலக்கிவிடும் பொறுப்பை ஒருநாள் என் தலையில் கட்டினார்கள், அது இன்னும் இறங்கவில்லை. எல்லா வகையையும் செய்து பார்த்தாயிற்று. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அடுத்த திங்கட்கிழமை மதியம் யார் யாரோடு உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள்?

பிள்ளைகளைக் கேட்டால் எப்போதும் ஏலகிரி மலைதான். வேலூரிலிருந்து 90 கி.மீ. சொச்சம், 14 கொண்டை ஊசி வளைவு, மேலே புங்கனூர் ஏரியில் படகு. ஜாலிதான், மறுக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறும்போதே பக்கத்து சீட்டுக்குத் துண்டு போட்டாகிவிடுகிறது, படகிலும் அதே நாலு பேர், போட்டோவிலும் அதே நாலு பேர். ஏற்கெனவே ஒட்டியிருந்தவர்கள் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டு இறங்குகிறார்கள், அவ்வளவுதான். இதைவிட மோசம் என்னவென்றால், வீட்டில் அனுப்பாத பெண்கள், பணம் கட்ட முடியாமல் 'காய்ச்சல் சார்' என்று சொல்லிவிட்டு நின்றுவிட்ட பையன்கள், இவர்களுக்கும் போய்வந்தவர்களுக்கும் நடுவே முன்பு இல்லாத ஒரு கோடு விழுந்துவிடுகிறது. போய்வந்தவர்கள் ஒரு மாதம் அதே கதையைப் பேசுவார்கள், இவர்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

செலவில்லாதது ஹாலுக்குள் நடத்தும் விளையாட்டுகள். இதில் கண்ணை மூடிப் பின்னால் சாய, மற்றவர்கள் தாங்கிப் பிடிக்கும் ஆட்டத்தை நான் நிறுத்திவிட்டேன். ஒருமுறை பிடிக்க வேண்டியவன் சிரித்துக்கொண்டே நின்றுவிட்டான், விழுந்தவனுக்கு முழங்கை வீங்கிவிட்டது. போன வாரம் அறிமுகமானவன் மேல் ஒரே நிமிடத்தில் நம்பிக்கை வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதே எனக்கு ஒட்டவில்லை. கோபுரம் கட்டும் ஆட்டம் வேறு ரகம். டாம் வூஜெக் என்பவர் 2010இல் பேசிய டெட் (TED) உரையால் பரவியது: வேகவைக்காத ஸ்பகெட்டி இருபது குச்சி, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், உச்சியில் மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாய் ஒன்று, நேரம் 18 நிமிடம். மேலாண்மை படித்த பட்டதாரிகளைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் உயரமாகக் கட்டிவிடுகிறார்கள் என்கிறார். காரணம், பெரியவர்கள் கடைசி நிமிடம் வரை திட்டம் போட்டுவிட்டு அப்புறம் மிட்டாயை மேலே வைக்க, எல்லாம் சரிகிறது. குழந்தைகள் ஆரம்பத்திலிருந்தே வைத்து வைத்துப் பார்க்கிறார்கள். நாங்கள் ஈர்க்குச்சியும் எலுமிச்சம்பழமும் வைத்து ஆடினோம். நன்றாக ஓடியது. ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் இதில் சரக்கு இல்லை.

கயிறு இழுத்தலுக்குச் சத்தம் அதிகம், பலன் கம்மி. ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913இல் வெளியிட்ட கணக்கு இதைத்தான் சொல்கிறது: இழுக்கும் ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது, எட்டுப் பேர் சேர்ந்தால் தலைக்குப் பாதிதான் தேறும். வாட்டசாட்டமானவன் இழுப்பான், பின்னால் இருப்பவன் முகத்தை மட்டும் சுளிப்பான். கபடி நல்ல ஆட்டம்தான், ஆனால் ஆடத் தெரிந்தவர்கள் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுவார்கள், மீதி வகுப்பு கைதட்டும்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் என் ஓட்டு வேலூர்க் கோட்டைக்கு. 133 ஏக்கர், ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, பஸ் பிடிக்க வேண்டியதில்லை. ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒரு குழுவில் ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வராதபடி நானே பெயர் எழுதிவிடுவேன். குழுவுக்கு ஒரே ஒரு செல்போன், அதுவும் போட்டோ எடுக்க மட்டும். மீதி எல்லாம் துப்புச் சீட்டைப் படித்து இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். 'ஒரு தலைப்பாகையால் வந்த வினை' என்று ஒரு சீட்டு. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி தெரிந்தவன் நினைவுத் தூணைத் தேடி வெளியே ஓடுவான். 'கடல் தாண்டி வந்து சிறையில் முடிந்த அரசன்' என்றால் 1832இல் இங்கேயே இறந்த கண்டி மன்னர் விக்கிரம ராஜசிங்கன். '1981 வரை மூலவர் இல்லாமல் இருந்த கோவில்' என்றால் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோவில், அதற்கு உள்ளூர்ப் பாட்டி வளர்த்த பிள்ளை ஒன்று குழுவில் வேண்டும். ஒருத்திக்கு வரலாறு, ஒருத்தனுக்குக் கோவில் வாசலில் பூ விற்கும் அக்காவிடம் கூச்சமில்லாமல் பேச்சுக் கொடுக்கும் திறமை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் இப்படித்தான் ஒருமுறை ஒரு குழுவையே ஜெயிக்க வைத்தான். திங்கட்கிழமை அவன் பக்கத்தில் இடம் இல்லை.

ஒரு வாரம் கிடைத்தால் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது நாட்டு நலப்பணித் திட்ட முகாம். 1969இல் தொடங்கிய திட்டம், ஏழு நாள் ஒரு கிராமத்திலேயே தங்க வேண்டும். பகலில் சீமைக்கருவேலம் வெட்டுவதோ கால்வாய் தூர் வாருவதோ எதுவாகவும் இருக்கட்டும், ஆளை ஆளோடு சேர்ப்பது சமையல்தான். ஐம்பது பேருக்கு ஆறு கிலோ அரிசி, வெங்காயம் உரிக்க எட்டுப் பேர், புகையில் கண் எரிய அடுப்பு ஊதுகிறவன் ஒருத்தன். சோறு குழைந்தால் ஐம்பது பேரும் திட்டுவார்கள், அதனால் இங்கே யாரும் முகத்தைச் சுளித்து ஏமாற்ற முடியாது. சிக்கல் ஒன்று உண்டு. விட்டுவிட்டால் பெண்கள் அடுப்படிக்கும் பையன்கள் மண்வெட்டிக்கும் தானாகப் பிரிந்துவிடுவார்கள். முதல் நாள் காலையிலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டு, தினமும் மாற்றிவிட வேண்டும்.

கோட்டைக்குப் போகிறவர்கள் காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். பத்தரைக்கு மேல் நம்ம ஊர் வெயிலில் துப்பும் கிடைக்காது, நிழலும் கிடைக்காது.