பீக்பேக்கர்: ஏறிய சிகரங்களுக்கு ஒரு வாழ்நாள் ஏடு

அமெரிக்கரான கிரெக் ஸ்லேடன் 1987ஆம் ஆண்டில் தம் கணினியில் தொடங்கிய மலைத் தரவுத்தொகுப்பு, இன்று உலகெங்கும் உள்ள மலையேறிகள் தாம் தொட்ட சிகரங்களைக் கட்டணமின்றிப் பதிந்துவைக்கும் பீக்பேக்கர் இணையதளமாக வளர்ந்திருக்கிறது. ஏறிய நாள், பாதை, ஏற்றத்தின் அளவு, ஜிபிஎஸ் தடம் ஆகியவற்றோடு, உச்சியை எட்டாமல் திரும்பிய முயற்சிகளையும் இதில் தனியே குறிக்கலாம். வாழ்நாள் பதிவு நேர்மையாக இருக்க இந்த வசதி இன்றியமையாதது என்றே கருதுகிறேன்.

இதன் உண்மையான வலிமை, உயரத்தை மட்டும் பார்க்காமல் புடைப்புயரத்தையும் கணக்கில் கொள்வதாகும். அதாவது, ஒரு சிகரத்திலிருந்து அதைவிட உயர்ந்த நிலத்தை அடையக் குறைந்தபட்சம் எவ்வளவு இறங்கியே ஆகவேண்டும் என்பதன் அளவு. எவரெஸ்டின் தென் உச்சி ஏறத்தாழ 8,750 மீட்டர் இருந்தும், 8,611 மீட்டர் உயரமுள்ள கே2 உலகின் இரண்டாம் சிகரமாக மதிக்கப்படுவது ஏன் என்பது இந்த அளவால்தான் விளங்குகிறது: தென் உச்சிக்கும் முதன்மை உச்சிக்கும் இடையிலான இறக்கம் மிகச் சொற்பம் என்பதால் அது தனிச் சிகரமாக எண்ணப்படுவதில்லை.

தோற்றம் பழையது; புதியவருக்கு அட்டவணைகள் மலைப்பூட்டும். ஆனால் ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட, மன்ரோக்கள் எனப்படும் 282 சிகரங்களைப் பல்லாண்டுகளாக ஏறி முடிக்க முனைபவருக்கு, எத்தனை முடிந்தன, எவை எஞ்சியுள்ளன என்பதை ஒரே பக்கத்தில் காட்டும் அந்த அட்டவணைகளே பெரிய கொடை. படங்களைப் பகிர்வது மட்டுமே நோக்கமெனில் வேறு செயலிகள் பொருந்தும்.