திரையைப் பார்க்காமல் ஒலிப்பதிவு: ரீப்பரும் ஒசாராவும்

ஒலிப்பதிவு மென்பொருள் தேடும் பார்வையற்ற இசைக்கலைஞருக்கு ஒலித்தரம் இரண்டாம் பட்சம். இன்றைய மென்பொருள் எதுவானாலும் பதிவு நன்றாகத்தான் இருக்கும். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர், பட்டன்களைப் படிக்குமா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மவுஸால் இழுத்து வெட்டுவதற்கென்றே கட்டிய திரையில், விண்டோஸுக்கான இலவச ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ வாயே திறக்காது. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளும் தனியாக நின்றால் பெரும்பாலும் ஊமைதான். அதைப் பேச வைப்பது ஒசாரா என்ற இலவச இணைப்பு. என்விடிஏவை உருவாக்கியவர்களில் ஒருவரே இதையும் தொடங்கியதால், எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது.

ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு சோதிக்கலாம். பிறகு, தொழில் வருமானம் ஆண்டுக்கு 20,000 டாலரைத் தாண்டாதவர்களுக்கு 60 டாலர், மற்றவர்களுக்கு 225 டாலர். இரண்டும் ஒரே மென்பொருள்தான்.

முதலில் ரீப்பர், அடுத்து ரீப்பருக்குக் கூடுதல் கட்டளைகள் தரும் எஸ்டபிள்யூஎஸ் இணைப்பு, கடைசியில் ஒசாரா என்று நிறுவுங்கள். ஒசாரா நிறுவும்போது, இருக்கும் கீமேப்பை (எந்தக் கீ எந்த வேலைக்கு என்ற பட்டியலை) மாற்றவா என்று ஒரு டிக் பெட்டி வரும். அதைத் தவறவிட்டால் பாதி கீகள் வேலை செய்யாது. "ஒசாரா பேசவில்லை" என்ற புகாருக்குப் பல நேரம் இதுவே காரணம். நீங்களே அமைத்த ஷார்ட்கட்கள் இருந்தால் முன்கூட்டியே நகல் எடுத்துவிடுங்கள்.

கன்ட்ரோல், டி அழுத்தினால் புது ட்ராக். மேல், கீழ் அம்புக்குறிகளால் ட்ராக் மாறலாம். எஃப்5 மியூட், எஃப்6 சோலோ (அந்த ட்ராக் மட்டும் ஒலிக்கும்), எஃப்7 பதிவுக்குத் தயார் (ஆர்ம்). எஃப்12 அழுத்திவிட்டு எந்தக் கீயைத் தொட்டாலும், வேலையைச் செய்யாமல் அது எதற்கான கீ என்று மட்டும் சொல்லும். கையேட்டைவிட இதுவே நல்ல வாத்தியார்.

சிக்கல் வருவது மைக்கையும் இசைக்கருவியையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில். அதைத் தாமதமில்லாமல் இயக்க உதவும் சில ஏசியோ டிரைவர்கள் இன்டர்ஃபேஸை மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும். ரீப்பர் திறந்ததும் என்விடிஏவின் குரல் அடங்கிவிடும். கணினி உறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ரீப்பரின் ஒலியை இன்டர்ஃபேஸுக்கும், என்விடிஏவின் ஒலியை லேப்டாப்பின் சொந்த ஹெட்போன் துளைக்கும் பிரித்துவிட்டால் தீர்ந்தது. பிரிக்காமல் என்விடிஏவும் இன்டர்ஃபேஸ் வழியே பேசினால், கணினியின் ஒலியையே திரும்பப் பதிவுக்கு அனுப்பும் லூப்பேக் வசதி அதில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் பல்லவிக்கு நடுவே "ட்ராக் 3 ஆர்ம்டு" என்று என்விடிஏவும் சேர்ந்து பாடியிருக்கும். மைக் முன்னால் பாடும்போது என்விடிஏ கீயோடு (பொதுவாக இன்சர்ட்) எஸ் அழுத்திப் பேச்சை நிறுத்திக்கொள்வது அதைவிடப் பாதுகாப்பு. ஒலியைக் கணினி எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புகிறது என்ற பஃபர் அளவு 128 சாம்பிள் போதும். 44.1 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 3 மில்லிசெகண்ட் தாமதம். ஒலியில் படபடவென்ற சத்தம் வந்தால் 256 ஆக்குங்கள்.

கீபோர்டில் வாசித்ததை ஸ்வரம் ஸ்வரமாகத் திருத்தும் மிடி எடிட்டரில், அம்புக்குறி நகர நகர ஒசாரா ஸ்வரங்களைப் படித்துச் சொல்கிறது. கீபோர்டு பின்னணிக்கு இது ஏராளம். கமகத்தை அங்கே உட்கார்ந்து செதுக்குவது பார்வை உள்ளவர்களுக்கே தலைவலி; வாசித்தே பதிவு செய்துவிடுங்கள்.

உண்மையான சுவர், ஒலியை மெருகேற்றச் சேர்க்கும் ப்ளக்இன்கள் என்ற துணை மென்பொருள்கள். ரீப்பரோடு வரும் ரீஈக்யூ (ஈக்வலைசர்), ரீகாம்ப் (கம்ப்ரசர்) இரண்டையும் முழுதாகக் கையாளலாம். வெளி நிறுவனங்களின் ப்ளக்இன்களில் பல, திருகுகளைப் படமாக வரைந்து வைத்திருப்பதால் ஸ்கிரீன் ரீடருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. ட்ராக்கில் பி அழுத்தினால் ஒசாரா அந்தத் திருகுகளின் மதிப்புகளைப் பட்டியலாகத் தரும், மாற்றவும் முடியும். ஆனால் தயாரிப்பாளர் அவற்றுக்கு ஒழுங்காகப் பெயர் வைத்திருக்க வேண்டும். "பாராம் 17" என்று வந்தால் என்ன செய்வது? ப்ரீசெட் (முன்பே அமைத்து வைத்த ஒலி அமைப்புகள்) பட்டியலையும் லைசென்ஸ் எண் கேட்கும் பெட்டியையும் படமாகவே வரைந்திருந்தால் பி கீயும் உதவாது. ஆகவே எந்த ப்ளக்இன்னையும் காசு கொடுக்கும் முன் டெமோவை இறக்கிப் பி அழுத்திப் பாருங்கள்.